மூன்று புழுக்களில் ஒன்று

ஜூன் 4

மூன்று புழுக்களும் கொடியில்தான் இருக்கின்றன. பெரியது இலையை ஓரம் ஓரமாகக் கடிக்கிறது, பிள்ளைகள் பிஸ்கட் தின்பது போல. கறுப்பு உடம்பு, சிவப்பு முட்கள், அப்படி ஒரு மினுமினுப்பு. மற்ற இரண்டும் சோனி. இலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. பெரியதையே படம் எடுத்தேன்.

வன அலுவலர் நேற்றுச் சொன்னது: “ரோட்டை அகலப்படுத்த உங்க வீட்டுப் பின்பக்கக் காட்டத்தான் வெட்டப் போறாங்க. இந்த அபூர்வப் பட்டாம்பூச்சி இங்கயே பொறக்குதுன்னு காட்டுனா நிறுத்தச் சொல்லிப் பாக்கலாம். ஆனா சாதாரண வகைக்கும் இதே புழுதாங்க டீச்சர். கூட்டவிட்டு வெளிய வர்ற படம் வேணும். மாசக் கடைசிக்குள்ள.”

ஜூன் 7

மழை. குடை கேமராவுக்கு, நனைந்தது நான். வீட்டுக்காரர் துண்டை நீட்டிக்கொண்டே, “நம்ம பசங்க சின்ன வயசுப் படம் மொத்தமே பத்து தேறாது. இந்தப் புழுவுக்கு டெய்லி ஆல்பம்!” என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 12

பெரியது ஒரு குச்சியில் தன்னைக் கட்டிக்கொண்டுவிட்டது. காய்ந்த இலைச் சுருள் போல ஒரு கூடு. மற்ற இரண்டும் கண்ணில் படவில்லை. தேடவும் இல்லை.

ஜூன் 15

மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

ஜூன் 20

கூடு கறுக்கிறது. வெளிவரும் முன்பு கறுக்கும் என்பார்கள். உள்ளே மடிந்த சிறகு தெரிகிறதோ? நாளை விடியும்போதே அங்கே இருக்க வேண்டும்.

ஜூன் 21

கூட்டில் ஓட்டை. அதிலிருந்து ஒரு வெள்ளைப் புழு நூல் பிடித்து இறங்கியது. பிறகு இன்னொன்று. ஈயின் புழுக்கள். உள்ளே இருந்தே தின்று தீர்த்திருக்கின்றன. ஐயோ — தினம் போய்ப் பார்த்தேனே, எதைப் பார்த்தேன்?

பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்திலேயே, தலைக்குப் பின்னால், வெள்ளைப் புள்ளிகள். ஈ இட்ட முட்டைகள். மகரந்தத் தூள் என்று நினைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்றுகூட.

ஜூன் 22

புது வாத்தியார்கள் எல்லாருக்கும் வரும் வியாதி இது. முதல் பெஞ்சில் பளிச்சென்று ஒரு பிள்ளை இருந்தால் பாடத்தை அந்த முகத்துக்கே நடத்துவார்கள். கடைசி பெஞ்சு எப்போது எழுந்து போனது என்றே தெரியாது. எனக்கு அது எப்போதோ விட்டுப்போயிற்று என்று இருந்தேன்.

இன்று முழுக்க அந்த இரண்டு சோனிகளையும் தேடினேன். கொடி, குச்சி, சருகு. இல்லை.

ஜூன் 27

“கூடு வரைக்கும் படம் இருக்கே, போதாதா?” என்று வன அலுவலரிடம் கெஞ்சினேன்.

“ஈ வந்த கூட்ட வச்சு நான் என்னன்னு சொல்ல? நான் நம்பறேங்க. நான் நம்பி என்ன?”

அவர் மேல் குற்றமில்லை.

ஜூலை 2

வெட்டத் தொடங்கிவிட்டார்கள். சன்னலைச் சாத்தினேன். சத்தம் சுவர் வழியாக வருகிறது.

ஜூலை 3

எழவில்லை. “காபி ஆறுது, டீச்சர்,” என்றார் வீட்டுக்காரர். கொஞ்ச நேரம் கழித்து, “ஆறிப் போச்சு,” என்றார். குடித்துவிட்டுப் போய்விட்டார். எதற்கு எழ வேண்டும்?

ஜூலை 6

அவர்தான் வலுக்கட்டாயமாகப் பின்பக்கம் கூட்டிப்போனார். வெளிச்சத்தில் கண் கூசியது. அங்கே இத்தனை வானம் இருந்ததே இல்லை. மரங்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கொடிகளைக் குவித்துப் போட்டிருக்கிறார்கள், பச்சை மாறாமல்.

எங்கிருந்தோ வந்தது. அதே அபூர்வ வகை, பெண். குவியலைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது, இலை இலையாகக் காலால் தட்டிப் பார்த்தது, பிறகு வயிற்றை வளைத்து முட்டையிடத் தொடங்கியது. ஒவ்வொன்றாக, பொறுமையாக. இங்கேதான் பிறக்கிறது என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டாம்.

“வெட்டுன கொடின்னு அதுக்குத் தெரியலையே. யாராவது சொல்லக் கூடாதா?” என்றார் அவர். கிண்டல் இல்லை.

கேமராவை எடுத்தேன். இதுவரை நான் எடுத்ததிலேயே தெளிவான படம். யாருக்கும் அனுப்பவில்லை.