இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் இரண்டாவது சாவி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், எனக்குக் கோபம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதற்கு அம்மா வேலை பார்க்கிற லேபிலும் டெஸ்ட் கிடையாதாம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த வறட்டு இருமல் விட்டு, நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ இரண்டு வரி சொல்வாய், பக்கத்திலிருந்து அம்மா நாலு வரி சொல்வாள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார். அதோடு இதில் நான் உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஒன்று கேட்க வேண்டியும் இருக்கிறது.

முதலில் போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்குப் பதில். அந்தக் கம்பெனிக்காரங்க நீட்டுற பேப்பர்ல கையெழுத்தைப் போட்டுட்டு விட்டுத்தள்ளுங்கப்பா, அம்மாவுக்கு வேற ஸ்கூட்டர் நான் வாங்கித் தரேன்னு சொன்னாய். உன் மனசு எனக்குத் தெரியாதா, கேட்டதும் கண் கலங்கியது நிஜம். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன். உன் சித்தப்பாவும் வந்து உட்கார்ந்துகொண்டு, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுண்ணே, அண்ணிக்கு ஒண்ணும் ஆகலையே அதைப் பாருங்கன்னு உபதேசம் செய்துவிட்டுப் போனான். தலைப்பாகை போனால் போகட்டும், இவர்கள் கேட்பது தலையையே அல்லவா.

நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அன்று காலை அம்மா இரத்தம் எடுக்க அந்த மூன்றாவது மாடி வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அவருக்கு நரம்பு சுலபத்தில் அகப்படாது, வேறு யார் குத்தினாலும் கை நீலம் பூத்துப் போகும், அதனால் உன் அம்மாதான் வர வேண்டும் என்று லேபுக்குச் சொல்லியே வைத்திருக்கிறார். தட்டித் தடவி எடுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. ஐஸ் பெட்டியோடு இறங்கி வந்தால் வண்டி நின்ற இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய்தான் இருக்கிறது. சைடு லாக் போட்டது, சாவி கைப்பையில் இருந்தது, எல்லாம் சரி. போலீஸில் அன்றைக்கே எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினோம். நான் போய் அந்தத் தரையைக் குனிந்து பார்த்தேன், பூட்டு உடைந்த சில்லு ஒன்றுகூட இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பூட்டோடு பழகியவன் சொல்கிறேன், அந்த வண்டியை எவனும் திறக்கவில்லை, இரண்டு பேர் அலாக்காகத் தூக்கி வேனில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதிலிருந்து அம்மா இரண்டு பஸ் மாறி ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகிறாள், காலையில் ஏழு வீடு போனவள் இப்போது மூன்று வீடுதான் போக முடிகிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருத்தர் வந்தார். பெயர் சொன்னார், எனக்கு நிற்கவில்லை, நீல ஃபைல் ஒன்றைக் கக்கத்தை விட்டு இறக்கவே இல்லை, அதனால் வீட்டில் அவருக்கு நீல ஃபைல் என்றே பெயர் ஆகிவிட்டது. வண்டி திருட்டுப் போனால் வாங்கும்போது கம்பெனி கொடுத்த இரண்டு அசல் சாவியையும் ஒப்படைக்க வேண்டும், அது விதி. நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, பூட்டு எதுவானாலும் அசலை பீரோவில் வைத்துவிட்டு நான் வெட்டிக் கொடுக்கிற நகலைத்தான் புழங்குவோம். அம்மா பீரோவைத் திறந்து இரண்டு கறுப்புத் தலைச் சாவியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்தவள் சும்மா இருக்கக் கூடாதா, தினமும் புழங்குறது இதுங்கன்னு தன் பையிலிருந்து ஒன்று, என் சட்டைப் பையிலிருந்து ஒன்று, ஆக நாலு சாவியை வரிசையாக அடுக்கிவிட்டாள். உன் அம்மாவுக்குப் பாதி உண்மை சொல்லத் தெரியாது. நீல ஃபைல் என்னைப் பார்த்தார், சாவிகளைப் பார்த்தார், அண்ணனுக்கு என்ன தொழில்னு கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், சாவி வெட்டுற கடை, பூட்டு ரிப்பேர். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டில் ஒன்று அசல் இல்லை, நகல், கம்பெனி சாவி எண் அதில் குத்தப்படவில்லை, இரண்டும் அசல் என்று தவறான தகவல் தந்திருக்கிறீர்கள் என்று. அம்மா அதைப் படித்துவிட்டு, பொய் சொல்றானுங்க, பீரோ சாவி என் இடுப்புல இருக்கு, எப்படி மாறும்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். நான் மட்டும் கத்தவில்லை. ஏனென்றால் மாற்றியது நான்தான் பாப்பா. நீ கிளம்புகிற முந்தின வாரம் உனக்கு ஸ்கூட்டர் சாவி ஒன்று கொடுத்தேனே, எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லி, அதுதான் அசல். ஊருக்கெல்லாம் நகல் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன், பெற்ற பெண் அவ்வளவு தூரம் போகும்போது அவள் கையிலும் ஒரு நகலை வைப்பதா என்று தோன்றியது, அவ்வளவுதான். அசலைத் தொட்டால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்று, அதே மாதிரி கறுப்புத் தலை தேடிப் பிடித்து நகலுக்கு மாட்டி, சாவி இல்லாமலே பீரோவைத் திறந்து உள்ளே வைத்துவிட்டேன். இன்சூரன்ஸ்காரர் வந்து கேட்ட அன்றாவது வாயைத் திறந்திருக்கலாம். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு முழுங்கிவிட்டேன், அந்தத் தப்பு என்னுடையதுதான்.

அதற்கப்புறம் நீல ஃபைல் கடைக்கே வந்தார். கடையில் ஆள் இருக்கும்போதே, பூட்டுக்காரர் வீட்டு வண்டியே காணாமப் போகுது, தரையில ஒரு சில்லு இல்ல, பீரோவுல கள்ளச் சாவி, நாங்க என்ன நினைக்கிறதுன்னு கேட்டார். நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன், வைக்காமல் சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பது சும்மா இல்லை. அடுத்த வாரமே பெரிய குடியிருப்பின் செக்ரட்டரி, கதவு எது சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறவர், வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எதிரே பார்த்தபோது போனில் மும்முரமாகப் பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டு போனார். இப்போது புரிகிறதா, நீ கையெழுத்துப் போடச் சொன்ன அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா, உரிமையாளர் தரப்பு சாவி குறித்து உண்மையை மறைத்ததால் கோரிக்கையைத் தாமாகவே திரும்பப் பெறுகிறார்கள் என்று. நான் அம்மாவிடம் மறைத்தேன், உண்மை. வண்டியையே நான் கடத்திவிட்டு மறைத்தேன் என்று அதைப் படிக்கிற எவனும் நினைப்பான். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் நாளைக்கு எந்த வீட்டில் என்னை உள்ளே விட்டுக் கதவுப் பூட்டைக் கழற்றச் சொல்வார்கள்? நீ பத்து ஸ்கூட்டர் வாங்கித் தந்தாலும் அது திரும்பி வராது.

இனி மறைக்க முடியாது என்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் தட்டை என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை லேபில் லீவு சொல்லிவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு, கிளம்புங்க, கம்பெனிக்குப் போவோம் என்றாள். போனோம். கண்ணாடிக் கதவு, நம்பர் சீட்டு, நாற்காலி ஒன்றோடொன்று இரும்பில் பிணைத்திருக்கிறார்கள், எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயம்போல. மேனேஜர் உன்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். மரியாதையாகத்தான் பேசினாள். அதே காகிதத்தை நீட்டி, சார், இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா மேல விசாரணை இருக்காது, உங்களுக்கும் நிம்மதின்னு சொன்னாள். நான் சொன்னேன், மேடம், எனக்கு நிம்மதி வேண்டாம், விசாரணைதான் வேணும். என் கடையில எண் குத்துற அச்சு சைபர்லேருந்து ஒன்பது வரைக்கும் இருக்கு. உங்களை ஏமாத்தணும்னு நினைச்சிருந்தா எண்ணையும் குத்தி வச்சிருப்பேன், உங்க ஆளு பூதக்கண்ணாடி வச்சாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. எண்ணைக் குத்தலை, ஏன்னா நான் ஏமாத்த நினைச்சது இவளை, இவ எண்ணைப் பார்க்க மாட்டா, கறுப்புத் தலையை மட்டும்தான் பார்ப்பா என்று. அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். உன் அம்மா அசரவே இல்லை. எங்க வீட்டுக்காரர் பொய் சொன்னது எங்கிட்ட, அதை நான் வீட்டுல விசாரிச்சுக்கறேன், நீங்க வண்டி திருட்டை மட்டும் விசாரிங்கன்னு சொன்னாள். பக்கத்து மேசையில் ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இத்தனை வருஷத்தில் உன் அம்மாவை அன்றைக்குப் பார்த்த மாதிரி நான் பார்த்ததில்லை, அதை அவளிடம் சொல்லிவிடாதே.

கடைசியில் அந்தப் பெண் வேறொரு படிவம் கொடுத்தாள். அசல் சாவி வசம் இல்லாததற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் தூரமாகப் போனாள், கொடுத்தனுப்பினேன் என்று எழுதினேன். இது போதாது சார், தக்க காரணம் எழுதணும்னு சொன்னாள். இதைவிடத் தக்க காரணம் எங்கிட்ட இல்லைம்மா, வேணும்னா நீங்க அடிச்சிட்டு எழுதிக்குங்க, நான் அடிக்க மாட்டேன்னு சொன்னேன். அதை இன்னொரு தடவை படித்துவிட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். மூன்று வாரத்துக்குள் அந்தச் சாவியும் உன் கைப்பட ஒரு கடிதமும் வந்து எண் ஒத்துப்போனால் கோரிக்கையை எடுத்துக்கொள்வார்களாம், அந்தப் பொய்த் தகவல் கடிதத்தையும் திரும்பப் பெறுவார்களாம். அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், அதன் நகல் இத்துடன் இருக்கிறது.

ஆகையால் கேட்கிறேன் பாப்பா, அந்தச் சாவியை அனுப்பு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எனக்குக் கூசுகிறது, வேண்டாம், பிள்ளை மனசு சங்கடப்படும் என்று அம்மாவும் சொல்கிறாள். அந்தச் சாவிக்கு இனிமேல் வண்டியும் கிடையாது, இருந்தாலும் நீ அதை வீட்டுச் சாவிக் கொத்தில் போட்டு வைத்திருப்பதைப் போன தடவை வீடியோவில் பார்த்தேன். சாதாரணத் தபாலில் போடாதே, பதிவுத் தபாலில் போடு, சாவியை அட்டையில் வைத்து ஒட்டி அனுப்பு, வெறும் கவரில் போட்டால் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கடிதத்தில் சுற்றி வளைக்காதே. இந்தச் சாவியை என் அப்பா எனக்குக் கொடுத்தார், அன்றிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடு, தேதி மறக்காதே. வேறு எந்த விளக்கமும் வேண்டாம், நாம் யாரிடமும் கெஞ்சவில்லை. கடையைப் பற்றிக் கவலைப்படாதே, காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்குகிறேன், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்திருக்கிறேன்.

இருமலுக்கு வெந்நீர் குடி, வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளாதே. கூட இருக்கும் பெண்ணுக்கு எங்கள் அன்பைச் சொல். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், யார் முன்னாலும் தலை குனியாமல் இருக்க வேண்டும், அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பணம் அனுப்பாதே, சாவியை மட்டும் அனுப்பு. இன்னொன்று, அம்மாவிடமும் இப்போதே சொல்லிவிட்டேன், இந்தத் தடவை மறைக்கிறதாக இல்லை. அடுத்த வண்டி வந்ததும் அதன் இரண்டாவது அசல் சாவியும் உனக்குத்தான் வரும், இன்சூரன்ஸ் எடுக்கிற அன்றைக்கே ஒன்று மகளிடம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன், அதற்கு ஒப்புக்கொள்கிற கம்பெனியில்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா