அம்மாவின் இடது கை உன்னிடம் இருக்கிறதாம்

மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது என்று ஆரம்பிப்பதுதான் முறை. பொய் எழுத எனக்கு வராது. நான் சௌக்கியம். உன் அம்மா வலது பக்கம் மட்டும் சௌக்கியம். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், உன் மாமா கொண்டுவந்து காட்டிய அட்டையிலேயே அதைப் பார்த்துக்கொண்டேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து, அப்பா அதை வேற மாதிரி பார்க்கணும் என்று ஆரம்பிப்பாய், நானும் வாயடைத்துப்போய் உட்காருவேன். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படி.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அம்மா தன் இடது கையைத் தன்னுடையதில்லை என்று சொல்ல ஆரம்பித்தது உனக்குத் தெரியும். மடியில் கிடந்த கையைக் காட்டி, ஏங்க, யாரோ கையை இங்கயே வச்சுட்டுப் போயிட்டாங்க, கூப்பிட்டுக் குடுத்துடுங்க என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டாக்டர்தான் விளக்கினார், இது மூளையில் அடிபட்ட இடத்தின் கோளாறு, கிறுக்கு இல்லை, அவரோடு சண்டை போடாதீர்கள், ஆனால் ஆமாம் என்றும் சொல்லிவிடாதீர்கள், கைக்கு விடாமல் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும் என்று. இதை உனக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். நீ என்ன செய்தாய்? இது என் கை இல்லடி என்று அவள் போனில் சொன்னதும், இருக்கலாம்மா, எந்தக் கை யாருதுன்னு யாரால நிச்சயமா சொல்ல முடியும், இந்த உடம்பே நம்மளுதுன்னு எப்படித் தெரியும் என்றாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு அது தத்துவம், அவளுக்கு அது தீர்ப்பு. போனை வைத்ததும் என்னைப் பார்த்து, படிச்ச பொண்ணே சொல்லிட்டா, இனிமே என்கிட்ட வாதாடாதீங்க என்றாள். அன்றோடு பயிற்சி நின்றது. பயிற்சி கொடுக்க வரும் பெண் அந்தக் கையைத் தொட்டாலே, யாரோட கைக்கோ நான் ஏன் பாடுபடணும் என்று விரட்டுகிறாள். விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டு வருகின்றன. இப்படியே விட்டால் இறுகிப்போகும், அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்லை சார் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

சந்தேகத்தைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்காதே. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். கம்பி வடம் தேய்ந்திருக்குமோ, பிரேக் பிடிக்காமல் போகுமோ, கதவு மூடும் முன்னே பெட்டி நகர்ந்துவிடுமோ என்று தொட்ட லிஃப்டில் எல்லாம் சந்தேகப்பட்டேன். பட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிரீஸ் நாற்றத்தில் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். நானே முதலில் ஏறிப் போய்வந்து, பிறகுதான் ஆட்களை ஏற்றினேன். வடம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டு வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியதில்லை. நீ அதைத்தான் செய்தாய். சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். இங்கே பெட்டிக்குள் ஆள் இருக்கிறது என்ற நினைப்பு உனக்கு இல்லை.

போன வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன், இப்போது சொல்கிறேன். நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் மெல்லச் சுவரைப் பிடித்து நடந்து சமையலறைக்குப் போய் மேடையில் சாய்ந்து நின்றிருக்கிறாள். அங்கிருந்து கூப்பிட்டாள், குரலில் ஒரு பதற்றம் இல்லை, பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்வதுபோல, ஏங்க, யாரோ கையைச் சுட்டுக்கிறாங்க, வந்து பாருங்க என்று. ஓடிப் பார்த்தால் இடது கை அடுப்பிலிருந்த வாணலியின் மேல் கிடக்கிறது. எடுத்தேன், உள்ளங்கைத் தோல் வாணலியிலேயே ஒட்டிக்கொண்டது. குழாயைத் திறந்து கையைப் பிடித்தபடி நான் அழுதேன், ஆமாம், அழுதேன், எழுத என்ன வெட்கம். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, பாவம், யார் பெத்த பிள்ளையோ, மருந்து போட்டு அனுப்புங்க என்றாள். இதைப் படித்துவிட்டு உன்னால் சாப்பிட முடிந்தால் சாப்பிடு.

சுட்ட கைக்குப் போட்ட கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் உன் மாமா வந்து நிற்கிறான், வாயெல்லாம் பல்லாக, என் அக்கா பொண்ணு படம் கண்காட்சியில வச்சிருக்காங்க மாமா என்று உன் படம் அச்சடித்த அழைப்பு அட்டையை நீட்டிக்கொண்டு. வாங்கிப் பார்த்தேன். ஒரு தையல் மிஷின். ஊசிக்கு அடியில் துணிக்குப் பதிலாகக் கடல் அலை அலையாகப் போகிறது. அதைத் தள்ளிக்கொடுப்பது ஒரு இடது கை, மணிக்கட்டோடு முடிந்துவிட்டது, அதற்கு மேல் உடம்பே இல்லை. மணிக்கட்டில் ஒரு லிஃப்ட் கதவு திறந்திருக்கிறது, உள்ளே கட்டைவிரல் உயரத்துக்குக் காக்கிச் சட்டையில் ஒரு ஆள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சட்டைப் பித்தான். கீழே, இது யாருடைய கை, என்று எழுத்து. கனவு மாதிரி போடுகிற வகைப் படம் மாமா, அங்கே ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்களாம், யாரோ விலைக்கே வாங்கிவிட்டார்களாம் என்றான் உன் மாமா. எனக்கு வயிறு எரிந்தது. முகம் இல்லாமல் என்னைப் போட்டதற்கு இல்லை. நாங்கள் இங்கே அந்தக் கையைக் கட்டிக்கொண்டு மாரடிக்க, நீ அதை வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாயே, அதற்கு. அவளைப் பார்க்க ஒரு தடவை வர உனக்கு நேரமில்லை, அவள் கையை நினைத்து நினைத்து வரைய நேரம் இருந்திருக்கிறது. கிழித்துப் போட்டிருப்பேன், அதற்குள் அம்மா கேட்டு வாங்கிவிட்டாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வலது கை விரலை அந்தப் படத்தின் ஆள்காட்டி விரல் நகத்தின்மேல் வைத்தாள். துணிக் கம்பெனியில் வேலை பார்த்தபோது மிஷின் ஊசி ஏறி இரண்டாகப் பிளந்து வளர்ந்த நகம். அதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். அவள் சொன்னாள், "இது என் கை." இந்தக் கையை அவள் தன்னுடையது என்று சொல்லி நான் கேட்டது அப்போதுதான், அதுவும் காகிதத்தில். உடனே மடியில் கட்டோடு கிடந்த கையைக் காட்டி, இதுதாம்மா அது என்றேன். அவள் என்னைக் கேலியாகப் பார்த்துவிட்டு, "அது அவகிட்ட இருக்குங்க. அதான் இங்க இல்ல. வரும்போது எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள். சரி, எடுத்துட்டு வருவா என்று சொல்லிவிட்டேன். ஆமாம் சொல்லக்கூடாது என்ற டாக்டர் பேச்சை மீறிவிட்டேன். பயிற்சிக்காரப் பெண்ணிடமும் அவளே சொல்லியாகிவிட்டது, என் பொண்ணு கொண்டுவந்து குடுக்கட்டும், அப்புறம் நீ சொல்ற மாதிரி மடக்கி நீட்டறேன் என்று.

அதனால் வா. படம் எனக்கு வேண்டாம், வாங்கினவன் வீட்டுச் சுவரிலேயே தொங்கட்டும். நீ வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, அந்தக் கையை உன் இரண்டு கையாலும் தூக்கி, கட்டைப் பிரித்து, அந்த நகத்தைக் காட்டி, இந்தாம்மா உன் கை, கொண்டுவந்துட்டேன் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டாள். எடுத்துக்கொண்டு போனது நீ, நீ திருப்பிக் கொடுத்தால்தான் நம்புவாள். சொல்லும்போது உனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது உன் தலைவலி. முகத்தில் காட்டாதே. விரல்கள் இறுகிப்போவதற்குள் வா.

கண் பழுதாகும்படி ராத்திரி விளக்கில் உட்கார்ந்து வரையாதே. உன்மேல் எத்தனை கோபம் இருந்தாலும் நீ கையும் காலுமாக, முழுசாக, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் என் வாய் சொல்கிறது. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், நம் கட்டடத்து லிஃப்ட் நின்று கிடக்கிறது, அவளைத் தனியே விட்டுவிட்டுப் போய் அதைச் சரிபார்க்க என்னால் முடியவில்லை. படியேறி வா.

இப்படிக்கு,
உன் படத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு நிற்கும்
அப்பா