மூடியில் வைத்த சந்தனம்

காரவள்ளி
5-12-1940

அறப்பளீஸ்வரர் துணை.

அன்புள்ள மாமாவுக்கு அம்சவேணி கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் தம்பி சின்னுசாமியும் சௌக்கியம். வண்டியும் சௌக்கியம். ஆமாங்க, வண்டியும்தான்! புனா பட்டாளத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘கப்பல் ஏறப் போகிறேன், காரை விற்றுவிடு’ என்று எழுதினீர்களே, நான் விற்கவில்லை. முழுக் கடிதத்தையும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து வண்டி படுத்திய பாடு உங்களுக்குத் தெரியும். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிச் சுற்றித் தம்பிக்குத் தோள்பட்டையே வீங்கிவிட்டது. எஞ்சின் நன்றாகச் சுற்றும், பிடிக்காது. எப்படியோ பிடித்தாலும் அரை மைலில் நின்றுவிடும். மிளகு மூட்டையோடு மலையிறங்கி வரும் வளப்பூர் நாட்டுக்காரர்கள் நம் வாடகைக் காரைத் தாண்டி மாட்டு வண்டிக்குப் போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ராசிபுரம் மேஸ்திரி அர்த்தனாரி பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். ‘எஞ்சின் செத்துப்போச்சுங்க அம்மணி. புதங்கெழம மாடு பூட்டி இழுத்துக்கிட்டுப் போறேன், பிரிச்சா சாமானுக்காச்சும் ஆகும்’ என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு நாள் தம்பி பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்த பிறகு சுற்றினால் வண்டி பிடிக்கிறது. திறக்காமல் சுற்றினால் பிடிப்பதில்லை. அவனிடம் சொன்னால், ‘மூடி என்னக்கா பண்ணும், போக்கா’ என்று சிரிக்கிறான்.

நேற்று மேஸ்திரி சோடி மாட்டோடு வந்து கயிறும் கட்டிவிட்டார். கடைசியாக அந்த மூடியை வாங்கிப் புரட்டினேன். உள்பக்கம் ஒரு பொட்டுத் துளை. வெளிப்பக்கம் அதைக் காணோம், காய்ந்த சந்தனம்தான் இருந்தது. மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக இறங்குமா? காற்று உள்ளே போக இன்னொன்று வேண்டாமா? கொண்டை ஊசியை உருவித் துளையைக் குத்திவிட்டு, ‘சுத்துடா’ என்றேன். ஒரே சுற்று! எஞ்சின் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரள, மேஸ்திரி கயிற்றை அவிழ்க்க ஓடினார்.

சேந்தமங்கலம் போய்த் திரும்பினோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் முன் சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சந்தனம் வைத்தவள் நான்தான். நீங்கள் விளக்கு, சக்கரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பீர்கள், மூடியை மட்டும் விட்டுவிடுவீர்கள். மறந்துவிடுகிறீர்களாக்கும் என்று நினைத்து, இந்த வருஷம் நான் விரல் கனத்துக்கு அப்பிவிட்டேன். காரணத்தை ஒருநாளாவது சொல்லியிருக்கிறீர்களா? பாதித் தப்பு உங்களுடையது.

விற்றுவிடு என்ற கடிதம் வந்த அன்று நான் சோறு உண்ணவில்லை. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்கவும் மாட்டேன். எந்த மாதமானாலும் சரி, ஒரு தந்தி கொடுங்கள். சேலம் ஸ்டேஷனுக்கு நம் வண்டியே வரும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் சந்தனத்தைத் தொடமாட்டேன். நம் வண்டிக்கு நீங்கள் வந்துதான் பொட்டு வைக்க வேண்டும்.

தங்கள்
அம்சவேணி