பெரியம்மா என்று கையெழுத்துப் போட்டவள்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம், உன் மாமாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை. உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இரண்டு கிலோ இளைத்திருக்கிறாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீ அங்கே மழையா வெயிலா என்று பேச்சை மாற்றிவிடுவாய், எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடையில் வேலை குவிந்து கிடக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வளர்ந்துவிட்ட மாதிரி கால்சட்டை விளிம்பைப் பிரித்து நீளம் விடச் சொல்லி வரிசையில் நிற்கிறார்கள். முதலாளியம்மா புது மெஷின் வாங்கியிருக்கிறாள், அது அவளைவிடச் சத்தம் போடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். நீங்க அவரோட பெரியம்மாதானே என்றாள். நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது உன் போனில் பெரியம்மா என்று போட்டிருந்த எண்ணைப் பார்த்து எழுதிவைத்துக்கொண்டாளாம். நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றாள். அம்மா செத்துப்போன குறை தெரியாம நீங்கதான் வளர்த்தீங்கன்னு அவர் அடிக்கடி சொல்லுவார் என்றாள். அப்போது என் கையில் ஊசி இருந்தது, அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆமாம்மா, நான் பெரியம்மாதான் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாய் முந்திக்கொண்டது, கோபம் அப்புறம்தான் வந்தது. அதிலிருந்து வாராவாரம் கூப்பிடுகிறாள். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றாள், அம்மா பேச்சை எடுத்தாலே உன் முகம் வாடிவிடுகிறதாம். வாடாமல் என்ன செய்யும். அவள் செத்துப்போன உன் அம்மாவைப் பற்றிக் கேட்கக் கேட்க நானும் அவிழ்த்துவிட்டேன். நல்ல உயரம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அருமையாகப் பாடுவாள், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டாள் என்றெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். நானும் சேர்ந்து அழுதேன், அதுதான் கூத்து. இவ்வளவு நல்லவள் போய்விட்டாளே என்று இருந்தது. போனை வைத்த பிறகு அந்த டீச்சர் மேல் பொறாமையாகவும் இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று மாமாவிடம் கேட்டேன், இப்பதான் தெரியுதா என்றார்.

நீ காலேஜில் படித்த பழைய நாவல் ஒன்று அலமாரியில் கிடந்தது. உன்னைப் புரிந்துகொள்ள வேறு வழி தெரியாமல் அதை எடுத்துப் படித்தேன். மருந்துக்கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவன் வேறு ஊருக்குப் போய், பெயரை மாற்றி, தன்னைப் பெரிய டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறான். பித்தலாட்டக்காரன் என்று பத்துப் பக்கத்தில் அவனை ஒதுக்கிவிடப் பார்த்தேன். முடியவில்லை. ஊரில் விஷக்காய்ச்சல் வந்து, படித்த டாக்டர்கள் எல்லாம் மூட்டை கட்டியபோது இவன்தான் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பிழைக்கவைக்கிறான். சரி, நல்லவன்தான் என்று மனசு இறங்கும்போது, அவனுடைய பழைய பெயர் தெரிந்த ஒரு கிழவர் காய்ச்சலோடு வந்து கதவைத் தட்டுகிறார். இவன் திறக்கவே இல்லை. அவர் வாசலிலேயே செத்துப்போகிறார். அத்தனை பேரைக் காப்பாற்றினவனும் அவன்தான், கதவைத் திறக்காதவனும் அவன்தான், நான் யாரைத் திட்டுவது, யாரைக் கும்பிடுவது? அந்தப் பக்கத்தில் நீ பென்சிலால் ஐயோ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஐயோ வெளியே நின்றவருக்கா, உள்ளே நின்றவனுக்கா? இரண்டு தடவை படித்தும் எனக்கு விளங்கவில்லை.

உன்னைத் திட்டவும் வாய் வரமாட்டேன் என்கிறது, காரணம் உனக்கே தெரியும். உன் அப்பா இறந்துபோன அந்த வருஷம், தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, விண்ணப்பத்தில் தாய் என்ற இடத்தில் காலமாகிவிட்டார் என்று எழுதினவள் நான். பாதுகாவலர் என்ற இடத்தில் பெரியம்மா என்று கையெழுத்துப் போட்டவளும் நான். இங்கே என்னைப் பெரியம்மான்னே கூப்பிடு, வாய் தவறிடாதே என்று பன்னிரண்டு வயசில் உனக்கு விடுதி வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நீ ஒரு தடவைகூடத் தவறவில்லை, கெட்டிக்காரப் பிள்ளை என்று நானும் பெருமைப்பட்டேன். படிப்பு முடிந்ததும் அந்தப் பொய்யைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், நீ அதைப் போட்டுக்கொண்டே வளர்ந்துவிட்டாய். அந்த இடம் கிடைத்திருக்காவிட்டால் நீ இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாய், அப்படியானால் நான் செய்தது சரிதானே? ஆனால் அது நிஜமாகவே யாரும் இல்லாத ஒரு பிள்ளைக்குப் போகவேண்டிய இடம் என்று நேற்றுத்தான் முதல் தடவையாகத் தோன்றியது. இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லை? ஒன்றும் புரியவில்லையடா.

போன ஞாயிறு அவள் உன் அம்மா படம் கேட்டாள். கல்யாணத்தன்று முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு அதில் படத்தை வைக்கப் போகிறாளாம், பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான் பெரியம்மா என்றாள். என் படத்துக்குப் பக்கத்தில் நானே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காரவேண்டும். என்னால் முடியாது. அடுத்த மாதம் முதல் ஞாயிறுவரை பொறுத்திருப்பேன். அதற்குள் நீயே அவளிடம் சொல்லிவிடு, ஆரம்பித்தது அம்மாதான் என்று பழியை என் மேலேயே போடு. நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். அதனால் கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அவள் ஆசை வைத்திருப்பது பாடத் தெரிந்த அந்த டீச்சர் மேல், நான் வாய் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனாலும் அவளிடம் எனக்குப் பிரியம் வந்துவிட்டது, இனி ஒரு ஞாயிறுகூட அவளிடம் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே, ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் அம்மா