காய்ச்சல் இறங்கிய வேகம்

என்னங்க,

நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் பத்தே நிமிடத்தில் தொண்ணூற்றெட்டுக்கு இறங்காது. நான் குளிக்கப் போன நேரத்தில் ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தெர்மாமீட்டரை வாயில் வைத்திருக்கிறீர்கள். ஃபிரிட்ஜில் பாட்டில் பாதி காலி.

"ஒரே ஒரு வாஷிங் மெஷின்தாம்மா, ரிப்பேர் பண்ணிட்டு ஓடி வந்துடுறேன்" என்று போன மாதம் காய்ச்சலோடு கிளம்பினீர்கள். மயங்கி விழுந்த உங்களை அந்த வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து சேர்த்தார். அதனால் ஸ்கூட்டர் சாவி என்னிடம்.

சூப் அடுப்பின்மேல் இருக்கிறது.

எனக்கு லீவு கொடுக்க மேனேஜர் இருக்கிறார். உங்களுக்கு நீங்களேதான் மேனேஜர். அந்த ஆளை நான் நம்பவில்லை.

பி.கு: மாற்றுச் சாவியையும் எடுத்துவிட்டேன், தேடாதீர்கள்.

இன்னொன்று: பொய் சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனாலும் பன்னிரண்டு மணிக்கு மேனேஜரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். கட்டிலில் இருங்கள்.