வரத்தானுக்கும் ஒரு தோடம்பழத் துண்டு

இன்று காலை தோடம்பழம் வெட்டினேன். கத்தி தோலுக்குள் இறங்கியதும் தெறித்த ஆரஞ்சு வாசனையில் நீர் வந்து நின்றீர். லண்டன் செவன் கிங்ஸில் இருக்கிற என்னுடைய சமையலறையில் அல்ல. பள்ளி மைதானத்தின் ஓரத்தில், சேற்றில் புதைந்த சப்பாத்தும் முழங்கால் வரை நீண்ட நாவல் நிறக் கோட்டுமாக, கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவோடு நின்றீர். டப்பாவுக்குள் நாலாக வெட்டிய தோடம்பழம், அதன்மேல் உப்பும் மிளகாய்த்தூளும்.

ரக்பியின் இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொண்டுவருவது இங்கத்தைய தாய்மாரின் பழைய வழக்கம். அதில் இந்த உப்புத்தூளைத் தூவியது நீர்தான். அதைக்கூட யாருக்கும் சொல்லாமல் நீட்டுவீர். ஒருமுறை நடுவர் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, விசில் ஊத முடியாமல் கண் கலங்கி நின்றார். "சொல்லிப்போட்டுக் குடுத்தால் என்ன?" என்று கேட்டேன். "சொன்னால் எடுக்கமாட்டினம்" என்றீர்.

ரக்பி என்றால் என்னவென்று தெரியாமலே நாங்கள் இரண்டு பேரும் ரக்பித் தாய்மார் ஆனோம். பிள்ளைகளைப் பரீட்சைக்கு டியூஷன் டியூஷன் என்று இழுத்துத் திரிந்து, நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் எடுத்துவிட்டோம் என்று நிமிர்ந்தால், அந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேற்றில் புரட்டியது. நானோ பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். ரக்பியில் பல்லை விட்டுவிட்டு வருகிற பெடியன்களைத் திங்கட்கிழமைதோறும் பார்க்கிறவள். என் மூத்தவன் ஆதவன் பந்தைக் கட்டிக்கொண்டு விழும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீர் பக்கத்தில் நின்று எனக்கு வர்ணனை செய்வீர். "இப்ப எழும்பிட்டான். பல்லு இருக்கு."

உம்முடைய மகன் கபிலனுக்கு ஒன்பதாம் இலக்கச் சட்டை. பெரிய பெடியன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கிற குவியலின் காலடியில் இருந்து பந்தைப் பொறுக்கி, வெளியே நிற்கிறவர்களுக்கு எறிகிற வேலை அது. சின்ன உடம்பும் வேகமான கையும் வேண்டும். கபிலனுக்கு இரண்டும் இருந்தன. முதல் வருடத்திலிருந்தே அந்தச் சட்டை அவனுடையது. நீர் அதைத் தனியாகக் கையால்தான் தோய்ப்பீர், மெஷினில் போடமாட்டீர்.

பிறகு, பதினாறு வயதில், ஏ லெவல் வகுப்பு தொடங்கியது. அந்த வருடம் கிண்ணத்தை வென்றே ஆக வேண்டும் என்று பள்ளிக்கு ஒரு பிடிவாதம். வேறு பள்ளியில் விளையாடிக்கொண்டிருந்த ஜோசுவா என்ற பெடியனைப் பயிற்சியாளர் போய்ப் பார்த்து, பேசி, கூட்டிக்கொண்டு வந்தார். அவனும் ஒன்பதாம் இலக்கம். கபிலனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அணியில் தன் பெயரைத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தான், ஓரத்து வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிற மாற்று ஆட்டக்காரர்களோடு. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று எனக்குப் போன் எடுத்துச் சொன்னீர். உம்முடைய குரல் அவ்வளவு மெதுவாக ஒலித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை மெதுவாக ஒலிக்கவில்லை. இடைவேளை நேரம். பெடியன்கள் எங்களைச் சுற்றி நின்று தோடம்பழம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜோசுவாவும் வந்து ஒரு துண்டை எடுத்தான். நல்ல உயரம், சுருட்டை முடி, கறுப்பினப் பிள்ளை. நீர் என் பக்கம் திரும்பி, எங்கள் தமிழ் எங்களோடு என்ற தைரியத்தில், உரத்துச் சொன்னீர். "பாரும், வந்தான் வரத்தான் எல்லாம் விளையாடுது. இஞ்சயே கிடந்து உழைச்ச பிள்ளை வாங்கில இருக்குது."

ஜோசுவா தோலைக் கடித்தபடி எங்களைப் பார்த்தான். "அன்ரி, வரத்தான் எண்டா என்ன? அம்மா அந்த வேர்ட் சொல்றேல்ல."

லண்டனில் தமிழர் எல்லாருக்கும் இருக்கிற நோய்தானே இது. பஸ்ஸிலும் கடையிலும் லிப்டிலும் முன்னால் நிற்கிறவரைப் பற்றி அவருக்கு முன்னாலேயே பேசிவிடுவோம். அவனுடைய அம்மா மன்னார்க்காரி, அப்பா கானா நாட்டுக்காரர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீர் டப்பாவை மூடுவதுபோலக் குனிந்தீர். "வரத்தான் எண்டால்... வெளியில இருந்து வந்து சேர்ந்த ஆள், தம்பி" என்றீர்.

"நல்ல வேர்டா?"

"ஓம். நல்ல சொல்லுத்தான்."

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். போனவன் அந்தச் சொல்லையும் கொண்டுபோனான். புதிதாக வந்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஒன்று தேவைப்பட்டது போலும். அடுத்த வாரம் முழு அணியும், வெள்ளைக்காரப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள் எல்லாரும், "வரத்தான், வரத்தான்" என்று கத்திக்கொண்டு பந்து கேட்டார்கள். பயிற்சியாளரும் அப்படியே கூப்பிட்டார். கபிலன் வாங்கில் இருந்து உம்மைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அந்தச் சொல் தெரியும். நீர் கோட்டின் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டீர்.

உம்மை நன்றாகக் கேலி செய்தேன். கிண்ணத்தின் அரையிறுதி நாளில் அந்தக் கேலி எனக்கு மறந்துபோனது. அன்று ஜோசுவாவின் அம்மா வந்தார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. சனிக்கிழமைகளில் ஷிப்ட் என்பதால் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. அன்று யாரோடோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு, பிளேஸ்டோவில் இருந்து ரயில் பிடித்து, வேலைச் சட்டைக்கு மேலே ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தமிழ் முகங்களைக் கண்டதும் ஆறுதலாகச் சிரித்தபடி எங்களிடம் வந்தார். ஆட்டம் தொடங்கியது. முழு மைதானமும் "வரத்தான்" என்றது.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. "என்ர பிள்ளையை ஏன் அப்பிடிக் கூப்பிடினம்? ஆர் சொல்லிக் குடுத்தது?"

உம்முடைய முழங்கையை நான் கிள்ளினேன். பேசாமல் இரும் என்று அர்த்தம். பிள்ளைகள் எங்கேயோ பொறுக்கிய சொல் என்று விட்டுவிட்டால் முடிந்துவிடும். நீர் என் கையைத் தட்டிவிட்டீர்.

"நான்தான் சொன்னனான்" என்றீர். "கோவத்தில சொன்னது. உங்கட மகன் வந்து என்ர மகன்ர இடம் போச்சுது. பிறகு அவன் கேக்கேக்க நல்ல சொல் எண்டும் பொய் சொன்னனான்."

அவர் எங்களைப் பார்க்காமல், ஆட்டத்தைப் பார்த்தபடியே பேசினார். "மன்னாரில இருந்து இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் எங்களுக்கு அந்தப் பேர்தான். இஞ்ச வந்தும் ஒரு தமிழ் ஆள்தான் என்ர பிள்ளைக்கு அதை வைக்கோணுமோ?"

எனக்கு உம்மீது இரக்கமாகவும் அவர்மீது அதைவிட இரக்கமாகவும் இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், நான் பந்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ரக்பியைக் கண் திறந்து பார்த்தது அன்றுதான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் கேட்காமலே, நீர் சொல்லத் தொடங்கினீர். இத்தனை வருடம் பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரியாது. நீர் படித்தது ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வலைப்பந்து எறிவதில் கெட்டிக்காரி. டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் உம்மை ஏ.எல். படிக்கக் கூப்பிட்டு, ஹொஸ்டலில் இடமும் கொடுத்தது. "படிப்புக்கெண்டு சொன்னவை. பந்துக்குத்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்றீர். "நான் போக, அங்க ஒரு பிள்ளையின்ர இடம் போச்சுது. ரெண்டு வருசம் அவள் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. என்ர பழைய பள்ளிக்கூடத்துப் பிள்ளையளும் கதைக்கேல்ல. எனக்கும் அந்தப் பேர்தான் இருந்தது. அதுதான் வாயில கெதியா வந்திட்டுது."

ஜோசுவாவின் அம்மா அப்போதுதான் திரும்பி உம்மைப் பார்த்தார். "இவனோடயும் பழைய பள்ளிக்கூடத்துப் பெடியள் இப்ப கதைக்கிறேல்ல" என்றார். "இவன் இல்லாமல் அந்த டீம் குழம்பிப் போச்சுது. நாங்கள் கேட்டுப் போகேல்ல. இவைதான் வந்து கேட்டவை. நல்ல பள்ளிக்கூடம், நல்ல படிப்பு எண்டு விட்டனான். என்ன செய்யிறது?"

நீர் டப்பாவைத் திறந்து நீட்டினீர். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டம் மறுபடி தொடங்கி, பயிற்சியாளர் கபிலனையும் சேற்றுக்குள் இறக்கி, நீங்கள் இரண்டு பேரும் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் கலந்து கத்திக் களைத்த பிறகு, அவராகவே கையை நீட்டி ஒரு துண்டு எடுத்தார். "உப்புத்தூள் போட்டிருக்கிறீங்கள்" என்றார். அந்த நடுவரைப்போல அவருக்குக் கண் கலங்கவில்லை.

அந்த அரையிறுதியில் தோற்றுப்போனோம். கூட்டிக்கொண்டு வந்த பிள்ளையும் காப்பாற்றவில்லை, இருத்திவைத்த பிள்ளையும் காப்பாற்றவில்லை. எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டபடி போகும்போது நீர் மட்டும் பயிற்சியாளரை நோக்கி நடந்தீர். ஜோசுவாவைச் சேர்க்காதீர்கள் என்று சண்டை பிடிக்கப் போகிறீர் என்று நினைத்து உமக்குப் பின்னால் ஓடிவந்தேன். நீர் உம்முடைய நிதானமான ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டீர். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வந்தது நீங்கள். ஒரு பிள்ளையை அவனுடைய இடத்திலிருந்து எழுப்பி வாங்கில் இருத்தியது நீங்கள். இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தி, இதுதான் விஷயம், இதுதான் காரணம் என்று முகத்துக்கு நேரே சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை? நீங்கள் சொல்லாமல் விட்டதைத்தானே நாங்கள் தாய்மார் இங்கே எங்களுக்குள் அடிபட்டுத் தீர்க்கிறோம்.

இளம் மனுஷன். காதெல்லாம் சிவந்துபோனது. கிண்ணம் வேண்டும் என்று தனக்கு மேலே இருக்கிறவர்கள் நெருக்குவதாக ஏதோ சொன்னார். பிறகு அதையும் விட்டுவிட்டு, "நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். கெட்டவர் அல்ல. பயந்தவர்.

கபிலனுக்கு ஒன்பதாம் இலக்கம் திரும்பக் கிடைக்கவில்லை. அதை மாற்றிச் சொல்லி உம்மைச் சந்தோஷப்படுத்த எனக்கு விருப்பமில்லை, உமக்கும் பிடிக்காது. அந்த நோவு அவனுக்கு நெடுநாள் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் உம்முடைய வீட்டுப் பின்வளவில் அவனும் ஜோசுவாவும் பந்து எறிந்து பழகினார்கள். பக்கத்து வீட்டு வேலிப்பலகை உடைந்தது. ஜோசுவாவின் அம்மா ஷிப்ட் முடிந்து வந்து, உம்முடைய குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பட்டப்பெயரை நிறுத்தச் சொல்லி நீர் ஜோசுவாவிடம் முழு அர்த்தத்தையும் சொன்னீர். அவன் யோசித்துவிட்டு, "இட்ஸ் ஓகே, அன்ரி. இப்ப அது என்ர" என்றான்.

நீர் எங்களை விட்டுப் போன மாரிகாலத்தில், உம்முடைய உடலை வைத்திருந்த மண்டபத்தில், கபிலனுக்குப் பக்கத்தில் பெட்டிக்குத் தோள் கொடுக்க நின்றான் அந்த உயர்ந்த பெடியன். கனடாவில் இருந்து வந்திருந்த உம்முடைய பெரியப்பா மகன் அவனை மேலும் கீழும் பார்த்து, "தம்பி ஆர்? எங்கட ஆக்களோ?" என்று கேட்டார்.

"நான் அன்ரியின்ர வரத்தான்" என்றான்.

அந்த மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜோசுவாவின் அம்மாவும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, உம்முடைய செத்தவீட்டில், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அழுதோம். உம்மை இழந்தது எனக்கு அந்த இடத்தில்தான் முழுதாக உறைத்தது.

இன்றைக்கு ஏன் தோடம்பழம் வெட்டினேன் என்று சொல்கிறேன். என் சின்னவன் நிலவன் இப்போது அதே பள்ளியில் ஏ லெவல் படிக்கிறான். இந்த வருடமும், அவனுடைய இடத்துக்கு, ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதே பயிற்சியாளர், தலை கொஞ்சம் நரைத்துவிட்டது. ஆனால் புதன்கிழமை நிலவனையும் அந்தப் பிள்ளையையும் ஒன்றாக இருத்தி, இந்த ஆட்டத்துக்கு உன்னை எடுக்கவில்லை, காரணம் இது என்று நேரே சொல்லியிருக்கிறார். உம்முடைய சண்டையால் வந்த வழக்கம் அது. நிலவன் அன்றிரவு சாப்பிட்டான். அழுதுகொண்டுதான் சாப்பிட்டான், ஆனால் சாப்பிட்டான்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஊரார் பிள்ளையின் இடம் போனபோது நியாயம் பேசுவது சுலபமாக இருந்தது. இன்று வாங்கில் இருந்தது என் பிள்ளை. மைதானத்தின் மறுகரையில் அந்தப் புதுப் பிள்ளையின் தகப்பன் தனியே நின்றார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. எங்கே நிற்கலாம், யாரோடு பேசலாம் என்று தெரியாமல் கைகளை ஜாக்கெட்டுக்குள் விட்டபடி நின்றார். அந்தச் சொல் என் நாக்கின் நுனிவரை வந்தது. பக்கத்தில் அதைக் கேட்பதற்கு நீர் இல்லை.

இடைவேளை விசில் ஊதியதும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுகரைக்கு நடந்தேன். நிலவன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மனுஷனுக்கு முன்னால் போய் மூடியைத் திறந்து, நீர் ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்தேன். இதில் மிளகாய்த்தூள் இருக்கிறது, உறைக்கும் என்று முதலே சொன்னேன்.

நீர் சொன்னது பிழை. சொன்னாலும் எடுக்கிறார்கள்.