பினியனில் ஒன்பது பல்

அப்பா,

இன்று காலை அம்மா உங்கள் கம்பளி ஜர்சியைத் துவைக்க எடுத்தார்கள். நான் வாங்கி முகர்ந்து பார்த்தேன். கைப்பக்கம் முழுக்க அந்தக் கியர் ஒயில் வாடை, கந்தகம் போல. கருமாதி முடிந்து ஒரு மாதமாகியும் போகவில்லை. "இன்னைக்கு வேணாம்மா" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முந்திய ஏப்ரலைப் பற்றித்தான் எழுத வேண்டும். கெம்பஸ் விடுமுறைக்கு நான் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீட்டுக்கு வந்திருந்தேன். நுவரெலியாவில் மலையேற்றக் கார்ப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. அதுவரை வான்களையும் ஆட்டோக்களையும் மட்டும் பழுது பார்த்துக்கொண்டிருந்த உங்களை, கராஜ் முதலாளி அப்போதுதான் முதல் தடவையாகப் போட்டிக் காரில் கை வைக்க விட்டிருந்தார். கார் நன்றாக ஏறினால் இனிப் போட்டிக் கார்களில் இஞ்சின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வேலை முழுக்க உங்களுக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார். சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பாதையின் வளைவுகளை அம்மாவுக்கு விரலால் வரைந்து காட்டினீர்கள்.

வளைவில் உள்பக்கச் சக்கரம் பிடிப்பை விட்டுச் சும்மா சுழலும், மற்றது வேலை செய்யாது. அதைத் தடுக்கத்தான் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அம்மாவுக்குப் புரியவில்லை. "சரிவுல கொழுந்தெடுக்கிறப்ப உனக்கு ஒரு கால் வழுக்குனா மத்த கால ஊணி நிக்கிறீல்ல? அந்த மத்த காலத்தான் நான் காருக்குப் பூட்டப் போறேன்" என்றீர்கள். அம்மா, "அப்ப எனக்கு ஒன்னு பூட்டுங்க" என்றார்கள்.

அதோடு பல் விகிதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு பல்சக்கர ஜோடிகள் கிடைத்திருந்தன. பெரிய கிரவுன் சக்கரத்தில் இரண்டுக்கும் நாற்பத்து மூன்று பல். அதைச் சுழற்றும் சின்னப் பினியனில் ஒன்றுக்குப் பத்து, மற்றதற்கு ஒன்பது. ஒன்பது என்றால் இழுவை கூடும், ஆனால் இஞ்சின் சீக்கிரமே தன் எல்லைக்கு வந்துவிடும். "பாப்பா, கடைசி வளைவு வரைக்கும் ரெண்டாங் கியர்லயே போகணும். எதப் பூட்டுறதுன்னு கணக்குப் பாத்துச் சொல்லு" என்று கேட்டீர்கள். லயத்தில் முதன்முதலாகக் கெம்பஸ் போன பிள்ளையிடம் கேட்டீர்கள்.

கராஜுக்கு வந்து, அம்மாவின் தையல் டேப்பால் டயரை அளந்தேன். போட்டிக்கும் இதே டயர்தானா என்று ஒரு சந்தேகம் வந்தது. கேட்க வேண்டுமென்றால் அங்கே நின்ற எட்டு ஆண்களுக்கு முன்னால் வாய் திறக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கணக்குப் போட்டு, தாளில் ஒன்பது என்று எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் ஒரு பல்லில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, உரக்கவே இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் பூட்டினீர்கள்.

போட்டிக்குப் போட்ட டயர் அளவில் சின்னது; அதற்குப் பத்துதான் பூட்டியிருக்க வேண்டும். அன்று காலையில்தான் முதலாளி வீட்டிலிருந்து வந்தது. கார் வளைவுகளிலிருந்து வழுக்காமல் வெளியே வந்தது, உங்கள் வேலையில் குறை இல்லை. கடைசி வளைவுக்கு முந்திய நேர் பாதையில் இஞ்சின் அலறியது. ஓட்டியவர் மூன்றாம் கியருக்குப் போய், உடனே வளைவுக்காகத் திரும்ப இரண்டுக்கு வந்தார். அதிலேயே நேரம் போய்விட்டது.

"என்னா கணக்குல பூட்டுனீங்க?" என்று முதலாளி கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"மக போட்ட கணக்கு சரிங்க. நாந்தான் பினியன் பல்ல தப்பா எண்ணிட்டேன். பத்துன்னு நெனச்சு ஒம்பதப் பூட்டிட்டேன்."

நான் அதைத் திருத்தவில்லை. பஸ்ஸில் நானுஓயா தாண்டிய பிறகுதான் நீங்கள் சொன்னீர்கள்: "எம் பேரு கெட்டா கராஜோட போயிரும். ஒம் பேரு கெட்டா லயம் பூரா பேசும். படிக்கிற பிள்ளைக்கு அது வேணாம்."

மறுநாளே நீங்கள் வான்களுக்குத் திரும்பினீர்கள். கூட வேலை செய்த செல்வம் அண்ணன், "அண்ணே, டீ அஞ்சா ஆறா? ஒங்கள எண்ணச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க" என்பாராம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பீர்கள். நெஞ்சுவலியில் போகும் வரை இன்னொரு போட்டிக் காரை உங்களிடம் யாரும் தரவில்லை.

போன சனிக்கிழமை கராஜுக்குப் போனேன். உங்கள் சாமான்களை எடுக்க வந்திருப்பதாக நினைத்து, முதலாளி பெட்டியைக் காட்டினார். "தப்பான டயர அளந்தது நான்தான். ஒம்பதுன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான். அப்பா சரியாத்தான் எண்ணுனாங்க" என்றேன்.

வேலை நின்றது. செல்வம் அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "சோக்குல கோடு போட்டு ரெண்டு வாட்டி எண்ணுனத நான் பாத்தேன் தங்கச்சி. எப்பிடித் தப்பாச்சுன்னு நானே யோசிச்சிருக்கேன்" என்றார். பிறகு, "கேட்டிருக்கணும் நான்" என்றார். உங்கள் பெட்டியை முதலாளியே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அம்மாவிடம் சொன்னால் லயத்துக்கே சொன்ன மாதிரி என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அடுத்த காம்பரா வீட்டு அக்கா கேட்டார்கள்: "என்னா படிச்ச பிள்ள, கெம்பஸ்ல டயர் அளக்கச் சொல்லித் தரலியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"நான் கேக்காம அளந்துட்டேன்க்கா. எந் தப்புதான்" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன், அப்பா.